ஆயுத பூஜைக்கு வந்த விண்கல்

விண்கல்லைச் சிறு துண்டாக உடைத்து, உருக்கி, உள்ளே அடைபட்டுக் கிடக்கும் நியானையும் ஆர்கானையும் அளப்பது என் வேலை. பிறந்த இடத்தில் மேல்பரப்பில் வெயில் பட்டுக் கிடந்த கல் என்றால் சூரியனிலிருந்து வந்த வாயு அதில் தங்கியிருக்கும். ஆழத்தில் புதைந்து கிடந்தது என்றால் இருக்காது. உடைந்து கிளம்பிய பிறகு எவ்வளவு காலம் அலைந்தது என்பதைக்கூட வாயு காட்டிக்கொடுத்துவிடும்.

இதையெல்லாம் வடக்கே ஓர் ஆய்வகத்தில் உட்கார்ந்து அளக்கிறேன். என் கணவர் சங்கரன்கோவிலில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். பட்டறையை இங்கே தூக்கி வர முடியாது, என் கருவியை அங்கே கொண்டுபோக முடியாது. கல்யாணமானதிலிருந்து இதே பாட்டுத்தான். சாயங்காலமானால் அவர் பக்கத்தில் இல்லையே என்று எனக்கு அழுகையே வந்துவிடும்.

இந்த வருஷம் ஆயுத பூஜைக்கு எனக்கு லீவு இல்லை என்று அவரிடம் சொன்ன மறுநாள், ஒரு போட்டோ அனுப்பிவிட்டுக் கூப்பிட்டார்.

"ஏட்டி, பனவடலிசத்திரம் பக்கம் காட்டுல ஒரு கல்லு கிடைச்சிருக்கு. கன்னங்கரேர்னு, நல்ல கனம். வானத்துல இருந்து விழுந்ததா இருக்குமோ? நீ நேர்ல வந்து பார்த்தாத்தான் தெரியும்."

போட்டோவைப் பெரிதாக்கினேன். உடம்பெல்லாம் ஓட்டை. விண்கல் அப்படி இருப்பது அபூர்வம். முகத்தை ரொம்ப சீரியஸாக வைத்துக்கொண்டு மேலதிகாரியிடம் போய், ஊரில் ஒரு கல் கிடைத்திருக்கிறது, நேரில் பார்த்தே ஆகவேண்டும் என்றேன்.

பட்டறையில் போய் இறங்கினால், சுத்தியல், கட்டிங் மிஷின், வெல்டிங் ராடுகளுக்கு நடுவில் கல்லும் பூஜைக்கு உட்கார்ந்திருக்கிறது. சந்தனத்தை அப்பி, குங்குமம் வைத்து, மாலை வேறு. எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது.

"சாம்பிள்ல போய் யாராவது சந்தனம் பூசுவாவளா?"

"ஆயுத பூஜைல்லா. உன் தொழிலுக்கும் ஒரு சாமான் வைக்க வேண்டாமா?"

கோபம் போன இடம் தெரியவில்லை. பூஜை முடிந்ததும் கல்லைக் கழுவினேன். சந்தனம் கரையக் கரைய ஓட்டைகள் தெரிந்தன. இரும்பு உருக்கும்போது மிஞ்சுகிற கசடு. அவர் பக்கத்திலேயே நின்றார்.

"கசடுதான்," என்றேன்.

"தெரியும்ட்டி. பட்டறைக்காரனுக்குக் கசடு தெரியாதா? கல்லுன்னாத்தான உனக்கு லீவு தருதாவ."

"எனக்கும் போட்டோவுலயே தெரிஞ்சிட்டு."

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கல் கழுவிய என் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்போ நாளைக்கே போயிருவியா?"