பீங்கானில் வைத்த பொட்டு

என் வீட்டுக்காரர் உலக்கையைக் கேட்டபோது, கம்பு இடித்துத் தரப்போகிறார் என்று ஒரு நொடி ஏமாந்துபோனேன். அவர் அதன்மேல் செம்புக் கம்பியைச் சுற்ற ஆரம்பித்தார்.

யுத்தம் முடிந்து அவர் பாப்பாரப்பட்டிக்குத் திரும்பியிருந்த சமயம். பட்டாளத்தில் தந்தி அடித்த கை, ஊரில் சும்மா இருக்கவில்லை. சர்க்காரிடம் அனுமதி வாங்கி ஒரு சின்ன ரேடியோ பெட்டியை வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு டக்கு டக்கென்று தட்டுவார். கேட்பதற்கு ஒரே ஒரு ஆள்தான். பர்மாவில் அவரோடு ஒரே கூடாரத்தில் இருந்த சிநேகிதர். காசநோய் பிடித்து, எங்கோ ஒரு மலை ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். சொந்தக்காரர் ஒருவரும் அவரை எட்டிப் பார்ப்பதில்லை. கட்டிலருகே கேட்கிற பெட்டி மட்டும் இருந்தது. திருப்பி அடிக்க அவரிடம் கருவி இல்லை. என்ன கேட்டது என்று கார்டில் எழுதுவார்.

ஒருநாள் வந்த கார்டை எழுத்துக் கூட்டி நானே படித்தேன். "என்னை மலைக்குப் பின்பக்கம் மாற்றிவிட்டார்கள். மூன்று வாரமாக உன் சத்தம் வரவில்லை. நீயும் விட்டுவிட்டாயா?"

அன்று அவர் களியைத் தொடவில்லை. மறுவாரம் பெங்களூர் போய், விமானங்களோடு பேசுவதற்கு ஒரு கம்பெனி வைத்திருந்து கழித்துப்போட்ட இரும்புப் பெட்டியை ஏலத்தில் எடுத்து வந்தார். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டே வந்தாராம். என்னை ஒருநாளும் அப்படிக் கூட்டிவந்ததில்லை.

"இதுல சத்தம் பெருசாவும் புள்ள. ஆனா இதோட அலை ரொம்பப் பொடிசு, மலையைத் தாண்டாது. கம்பியை இன்னும் நாலு சுத்து கூட்டினா அலை நீளும்."

"சுத்துங்க, சுத்துங்க. இந்த வூட்ல என்னைத் தவிர எல்லாத்தையும் சுத்தியாச்சு."

ஒரு மாதம் அதே வேலை. சுற்றுவார், பிரிப்பார், மறுபடி சுற்றுவார். ஒரு கம்பி வளையத்தில் டார்ச் பல்பை மாட்டிச் சுருளுக்குப் பக்கத்தில் காட்டுவார். ஒன்றையும் தொடாமலே பல்பு எரிந்தால் சுருள் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். எரிந்த அன்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"தொடாமலே எரியுது பாரு!"

"இதென்ன அதிசயமுங்க? என்னைக் கண்டா உங்க ஆத்தாவும் அப்படித்தான்."

அவர் சிரித்தார். 'ஆயுத பூஜை அன்று சாயங்காலம் நாலு மணிக்குக் காதில் மாட்டிக்கொள்' என்று சிநேகிதருக்குக் கார்டு போட்டார்.

ஆயுத பூஜை அன்று காலையில் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்ற தர்மபுரிக்குக் கிளம்பியவர், வாசலிலேயே திரும்பி நின்றார். "பெட்டியைத் தொடாதே புள்ள. பொட்டு கிட்டு ஒண்ணும் வேண்டாம்."

அம்மிக்குச் சந்தனம் உண்டு, அரிவாளுக்கு உண்டு, உடைந்த முறத்துக்குக்கூட உண்டு. ஒரு உயிர் நம்பிக் காத்திருக்கிற பெட்டிக்கு மட்டும் இல்லையா? எனக்கு மனசு கேட்கவில்லை. ஆனால் நானும் லேசுப்பட்டவள் இல்லை. முன்னால் வைத்தால்தானே தெரியும்? பின்மூடியைத் திறந்தேன். உள்ளே கம்பி நுழைகிற இடத்தில் வெள்ளைப் பீங்கான் இருந்தது. அதில் சந்தனத்தைக் குழைத்து அப்பி, குங்குமம் வைத்து மூடிவிட்டேன்.

நாலு மணிக்கு அவர் தட்டத் தொடங்கினார். நாலைந்து எழுத்துதான் போயிருக்கும். உள்ளே படபடவென்று நீலமாகப் பொறி பறந்தது. பல்பு மாதிரி கண்ணாடியில் இருந்த பெரிய வால்வு ஒருதரம் சிவந்து அணைந்தது. கருகிய சந்தன வாசனை வீடெல்லாம் பரவியது.

அவர் பின்மூடியைத் திறந்து வெகுநேரம் பார்த்தார். துணியால் எதையோ துடைத்து, துணியை மடித்து வைத்துக்கொண்டார்.

"என்னாச்சுங்க?"

"வால்வு பழசு. ஏலச் சரக்கு அப்படித்தான்."

நானும் தலையை ஆட்டினேன். ஈரச் சந்தனத்தில் மின்சாரம் ஓடும் என்று அப்போது எனக்குத் தெரியாது. ஆனால் அந்த வாசனை யாருடையது என்று தெரியும்.

'வால்வு போய்விட்டது, பொறுத்துக்கொள்' என்று அவர் எழுதினார். பதில் வந்தது. "ஐந்து எழுத்து கேட்டேன். பக்கத்தில் இருந்து பேசுவதுபோல இருந்தது. ஞாயிறுதோறும் மாட்டிக்கொண்டு படுத்திருப்பேன்."

மதராஸிலிருந்து வேறு வால்வு வரத் தை பிறந்துவிட்டது. மறுபடி கார்டு போட்டார். இரண்டு ஞாயிறு முழு பலத்தோடு அடித்தார். பல்பு அப்படி ஒருநாளும் எரிந்ததில்லை. மூன்றாவது வாரம் அவர் போட்ட கார்டே திரும்பி வந்தது. அதன் குறுக்கே, இந்த நோயாளி பொங்கலுக்கு முன்பே இறந்துவிட்டார் என்று யாரோ எழுதியிருந்தார்கள்.

அதன்பிறகு அவர் பெட்டியைத் தொடவில்லை.

அடுத்த ஆயுத பூஜையில் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வந்து, அதை மட்டும் தாண்டிப் போனேன்.

"புள்ள, இதுக்கும் வை."

"வேண்டாமுங்க."

"இப்பத்தான் பேட்டரி இல்லையே. வை."

அவரே பின்மூடியைத் திறந்து, சரியாக அந்தப் பீங்கானைக் காட்டினார். குங்குமத்தைத் தொட்ட என் விரல் பாதியிலேயே நின்றது. என்னத்தையாவது சொல்லி அவரைச் சிரிக்க வைத்துவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்து, விரலைப் பீங்கான் வரைக்கும் கொண்டுபோனார்.