அரை இஞ்ச் அண்ணனும் நுரையும்

அந்தத் தெருவில் அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் ஒருவரும் வழி காட்ட மாட்டார்கள். 'அரை இஞ்ச் அண்ணன் சலூன்' என்றால் சின்னக் குழந்தைகூடக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் விட்டுவிடும். முப்பது வருடமாக, முடி கொஞ்சம் கூடுதலாகப் போய்விட்டது என்று யார் கண்ணாடியைப் பார்த்து முகத்தைச் சுளித்தாலும், துண்டை உதறிக்கொண்டே அவர் சொல்கிற பதில் ஒன்றுதான். "மாசத்துக்கு அரை இஞ்ச் வளரும். கவலையே படாதீங்க." கல்யாணத்துக்கு முந்தின நாள் வந்த மாப்பிள்ளை ஒருவனுக்கு ஒரு பக்கக் கிருதாவைக் காலி செய்துவிட்டு அவனிடமும் இதையே சொன்னார். அவன் அடிக்க வந்தபோது, "ரெண்டு மாசம் கழிச்சு முகூர்த்தம் வச்சிருக்கலாமே தம்பி" என்று கேட்ட ஆள் இவர்.

அந்த மனுஷன்தான் ஒரு சனிக்கிழமை மத்தியானம் சலூன் கதவைப் பாதி இறக்கிவிட்டுத் தரையில் மண்டி போட்டு அழுதார். ஒரு நாய்க்குட்டியின் முடிக்காக அழுதார் என்றுதான் தெருவில் பேசிக்கொண்டார்கள். தெருவுக்கு என்ன, எதையாவது பேசும்.

சலூனுக்குப் பின்னாலேயே வீடு. நடுவில் ஒரே ஒரு கதவு. இந்தப் பக்கம் இரண்டு சுழல் நாற்காலி, ஒரு நீளக் கண்ணாடி. அந்தப் பக்கம் சமையலறை, ஒரு கட்டில், மனைவி. பள்ளிக்கூட நூலகத்தில் புத்தகங்களுக்கு அட்டை போட்டு நம்பர் ஒட்டிக்கொண்டிருந்தவள். போன வருடம் மார்பில் கட்டி என்றார்கள். அறுத்து எடுத்தார்கள், அப்புறம் ஆறு மாதம் மருந்து ஏற்றினார்கள். இரண்டாவது தடவை ஏற்றிவிட்டு வந்த வாரம், காலையில் தலை சீவப் போனவள் கை நிறைய முடியோடு சலூனுக்குள் வந்து நின்றாள். "எடுத்துடுங்க" என்றாள். அவர் இரண்டாவது நாற்காலியில் அவளை உட்கார வைத்தார். அவள் பார்க்க வேண்டாம் என்று பெரிய துண்டு ஒன்றை எடுத்துக் கண்ணாடியின் மேல் போட்டு மூடினார். பிறகு எடுத்தார். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த இரண்டு நாள் மெஷின் ரிப்பேர் என்று சொல்லிக் கடையைத் திறக்கவே இல்லை.

நுரை வந்தது அந்த வாரத்தில்தான். வேறு ஊருக்கு மாற்றலாகிப் போன வாடிக்கையாளர் ஒருவர், கொண்டுபோக முடியாது என்று ஒரு செருப்புப் பெட்டியில் வைத்துக் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டு மாதக் குட்டி. மினியேச்சர் பூடில் என்றார். சவரத்துக்கு உள்ளங்கையில் எடுத்த நுரை போல வெள்ளையாக இருந்ததால், பெயரை யோசிக்கிற வேலை மிச்சம். அது அவள் மடியில் ஏறிச் சுருண்டு படுத்துக்கொண்டது. அவள் விரல்கள் அதன் சுருள் முடிக்குள் போனவை, அதற்கப்புறம் வெளியே வந்ததாகவே அவருக்கு ஞாபகம் இல்லை.

மருந்து முடிந்தது. அவளுக்கு முடி திரும்ப வந்தது. மூன்று மாதத்தில் ஒன்றரை அங்குலம், கணக்குப் பிசகாமல். ஆனால் நேராக இருந்த முடி, வரும்போது சுருட்டையாக வந்தது. "ரெண்டு பேருக்கும் ஒரே சலூனா?" என்று வாடிக்கையாளர்கள் அவளையும் நாயையும் மாற்றி மாற்றிப் பார்த்துச் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஒருநாள் நுரையின் தலையைக் கோதியபடியே சொன்னாள்: "இதுக்குக் கத்தரியே வைக்காதீங்க. இந்த வீட்டுல ஒரு தலையாவது நிம்மதியா வளரட்டும்."

அவ்வளவுதான். அதை அவர் வேதவாக்காக எடுத்துக்கொண்டார்.

நாய் வளர்ப்பதில் அவரைக் குறை சொல்ல முடியாது. நாளுக்கு நாலு வேளைச் சாப்பாட்டை மூன்றாக்கி, மூன்றை இரண்டாக்கியது சரியான வயதில். தடுப்பூசி ஒன்று தவறவில்லை. காதைத் துடைப்பார், பல் தேய்த்து விடுவார், நகத்தை அரத்தால் ராவி விடுவார். சின்னப் பிள்ளைகளுக்கு முடி வெட்டும்போது நாற்காலிக் கைகளின் குறுக்கே ஒரு பலகை போடுவார்களே, அதன் மேல் நுரையை ஏற்றி அசையாமல் நிற்கப் பழக்கினார். கண்ணை மறைக்கிற நாலு முடி, பின்பக்கம் அசிங்கமாகாமல் இருக்கக் கொஞ்சம், இதைத் தவிர எதையும் வெட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் குளியல். பாட்டிலை எடுத்துப் புஸ் புஸ் என்று தண்ணீர் அடித்து முடியை நனைப்பார், பிறகு சீப்பை எடுப்பார். முப்பது வருடக் கை. முதலில் தண்ணீர், அப்புறம் சீப்பு. அதற்கு வேறு முறை இருக்கும் என்பதே அவர் புத்தியில் ஏறாது.

ஏறுவதற்கு ஒரு வாய்ப்பும் வந்தது. இரண்டு தெரு தள்ளி, நாய்களுக்கு முடி வெட்டுகிற கடை ஒன்றை ஒரு பெண் நடத்திக்கொண்டிருந்தாள். நுரைக்கு நாலு மாதம் இருக்கும்போது வழியில் பார்த்து, "அண்ணே, தண்ணி படறதுக்கு முன்னாடியே வேர் வரைக்கும் சீவிடுங்க. பெரிய முடி மாறி வர்ற நேரத்துல விட்டுட்டீங்கன்னா அப்புறம் கஷ்டம்" என்று சொன்னாள்.

"முடியப் பத்தி எனக்கா சொல்ற?" என்று சிரித்துவிட்டு வந்துவிட்டார். இந்த இடத்தில் அவரை உட்கார வைத்து நாலு வார்த்தை திட்டலாம் போல இருக்கிறது. ஆனால் அவரே பிறகு தன்னைத் திட்டிக்கொண்ட அளவுக்கு யாராலும் திட்ட முடியாது.

நுரைக்குப் பத்து மாதம் ஆனபோது குட்டி முடி உதிர்ந்து பெரிய முடி வர ஆரம்பித்தது. மற்ற நாய்களுக்கு உதிர்கிற முடி தரையில் விழும். பூடிலுக்கு அது சுருளுக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். மேலே சீவச் சீவப் பஞ்சாக நின்றது, அழகாக இருந்தது. அடியில் என்ன நடந்தது என்று அவர் பார்க்கவில்லை. தூக்கினால் முனகியது. அக்குளைத் தொட்டால் பல்லைக் காட்டியது. "வயசுக் கோளாறு" என்றார்.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை அவளுடைய ரிப்போர்ட் வந்தது. கட்டி மறுபடியும் தலைகாட்டிவிட்டதாம். திங்கட்கிழமையிலிருந்து மறுபடி மருந்து. முடி திரும்பக் கொட்டும் என்று டாக்டர் சொன்னபோது அவள் "சரி" என்றாள். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து தன் சுருட்டை முடியை ஒரு விரலில் சுற்றிக்கொண்டே வந்தவள், இறங்குகிற இடத்தில், "நுரையோடது இருக்குல்ல" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் நுரையிடமிருந்து ஒரு கெட்ட வாடை வந்தது. தூக்கிக்கொண்டு அந்தப் பெண்ணின் கடைக்குப் போனார். அவள் இரும்புச் சீப்பை முதுகில் வைத்து அழுத்தினாள். அரை அங்குலம் போய்ச் சீப்பு நின்றுவிட்டது. முடியை இரண்டு விரலால் விலக்கிக் காட்டினாள். அடியில் முடியே இல்லை, கனமான கம்பளிதான் இருந்தது. அதற்கும் கீழே தோல் சிவந்து நசநசத்தது.

"நனைச்சிட்டுச் சீவினீங்களாண்ணே?"

அவர் தலையாட்டினார்.

"சிக்கோட தண்ணி பட்டா இறுகிக்கிட்டே போகும். தோலுக்குக் காத்தே போகல பாருங்க. எப்படித்தான் பொறுத்துக்கிச்சோ. எடுத்துடணும், ஒட்ட."

"வேற வழியே இல்லையாம்மா? கொஞ்சம் கொஞ்சமாப் பிரிச்சா?"

"உடம்பு பூராவுமா? வலியில அது செத்துப்போயிரும்ணே." அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் குரலை இறக்கினாள். "நான் எடுக்கட்டுமா, நீங்களே எடுக்கறீங்களா?"

வீட்டில் எடுத்துக்கொள்கிறேன் என்றார். உங்கள் மெஷின் இந்தச் சிக்கில் நின்றுவிடும் என்று தன்னுடைய மெஷினையும் கொடுத்து அனுப்பினாள். அவர் அதைக் கொண்டுவந்து இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார்.

வியாழன், வெள்ளி, சனி. மனைவி மத்தியானம் கண் அசந்ததும் கதவைப் பாதி இறக்குவார், பலகையைப் போடுவார், நுரையை ஏற்றுவார். எண்ணெய் தடவினார், மாவு தூவினார், ஊசியால் ஒவ்வோர் இழையாகப் பிரித்தார். ஒரு நாள் உழைப்பில் ஒரு காது தேறியது. இரண்டாம் நாள் ஒரு முன்னங்கால். கணக்குப் போட்டால் இந்த வேகத்தில் இன்னும் ஒரு மாதம் ஆகும். திங்கட்கிழமைக்கு இருந்ததோ இரண்டு நாள். பைத்தியக்காரத்தனம் என்று அவருக்கே தெரியும். இந்த முடி நின்றால் அவளும் நிற்பாள் என்று எவனும் அவரிடம் சொல்லவில்லை. ஆனாலும் மனசு அதைப் பிடித்துக்கொண்டுவிட்டது, விடமாட்டேன் என்றது. கும்பிடாத சாமியை எல்லாம் கும்பிட்டுக்கொண்டே பிரித்தார்.

நுரை அவரை நம்புவதை விட்டுவிட்டது. சனிக்கிழமை பலகையை எடுத்த சத்தம் கேட்டதும் நாற்காலிக்கு அடியில் போய் ஒண்டியது. இழுத்துத்தான் ஏற்ற வேண்டியிருந்தது. காதுக்குப் பின்னால் ஒரு முடிச்சு, கொட்டைப்பாக்கு அளவு. அதை இரண்டாகப் பிளந்துவிட்டால் பிரிந்துவிடும் என்று கத்தரி முனையை உள்ளே விட்டார். முடிச்சுக்குள் தோலும் சேர்ந்து ஏறியிருந்தது. நுரை வீறிட்டது. முப்பது வருடத்தில் கத்தரியால் ஒரு தலையில்கூட ரத்தம் பார்க்காத கை. வெள்ளை முடியில் சிவப்பு இறங்கியது.

அப்போதுதான் அவர் மண்டி போட்டார்.

நடுக்கதவைத் திறந்துகொண்டு அவள் வந்தாள். நாற்காலிக்கு அடியில் நாய், துண்டில் ரத்தம், தரையில் புருஷன். ஒன்றும் கேட்காமல் கீழே உட்கார்ந்து நுரையை மெல்ல இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். காதை அழுத்திப் பிடித்தாள். இன்னொரு கை வழக்கம்போல் முதுகுச் சுருளுக்குள் போனது. ஆனால் இந்த முறை மேலோடு நிற்காமல் அடி வரைக்கும் போனது, போய் நின்றது.

"எத்தனை நாளா இப்படி இருக்கு?"

"ஒரு மாசம் இருக்கும். எனக்கே புதன்கிழமைதான் தெரியும்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீதானம்மா கத்தரி வைக்காதன்ன."

"நான் சொன்னா? இது வலிச்சுக்கிட்டு கெடக்கணும்னா சொன்னேன்?" அவள் குரல் உயர்ந்தது. இந்த ஒரு வருடத்தில் அவள் கத்தி அவர் கேட்டதில்லை.

"திங்கக்கிழமை உனக்கு மறுபடியும்..." அவர் முழங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இதுக்காவது இருக்கட்டும்னுதான். என்னால இன்னொரு தடவ முடியாது. சத்தியமா முடியாது."

அவள் நிமிர்ந்து சுவர்க் கண்ணாடியைப் பார்த்தாள்.

"அன்னைக்குக் கண்ணாடிய மூடினீங்களே, எதுக்கு?"

"நீ பாக்கக் கூடாதுன்னு."

"என் தலை போறது எனக்குத் தெரியாதா? நான் அந்தத் துண்டையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். பின்னாடி நீங்க அழறீங்களா, இல்ல எப்பவும் போல வேலை பாக்கறீங்களான்னு தெரியல. உங்க முகத்த ஒரு தடவ பாத்தாப் போதும்னு இருந்துச்சு." மூச்சு வாங்க நிறுத்தினாள். "தனியா உக்காந்த மாதிரி இருந்துச்சுங்க."

அவர் எழுந்து இழுப்பறையைத் திறந்து அந்தப் பெண் கொடுத்த மெஷினை எடுத்தார்.

அவள் நுரையை மடியில் வைத்துக்கொண்டு இரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்தாள். கழுத்திலிருந்து ஆரம்பித்தார். கம்பளி பிரியவில்லை, ஒரே சட்டையாகக் கழன்று வந்தது. உள்ளே இருந்தது இளஞ்சிவப்பாய், எலும்பும் தோலுமாய், அவர் நினைத்ததில் பாதி உருவம். எடுக்க எடுக்க நுரை முனகுவதை நிறுத்தியது. வயிற்றுப் பக்கம் போகும்போது, தானாகவே காலைத் தூக்கிக் கொடுத்தது. முடிந்ததும் தரையில் குதித்து உடம்பை ஒரு உதறு உதறி, சலூனை மூன்று தடவை சுற்றி ஓடியது. எத்தனை வாரமாக அது ஓடவே இல்லை என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"இதுக்கு எப்ப வளரும்?" என்று அவள் கேட்டாள்.

"மாசத்துக்கு அரை இஞ்ச்." வாய் தானாகச் சொன்னது. "மூணு மாசத்துல சுருள் வந்துரும்."

அவள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. மேலே விழுந்திருந்த வெள்ளை முடியைத் தட்டிவிட்டு நேராக நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"எனக்கும் இப்பவே எடுத்துடுங்க. கை நிறைய வர்றத இன்னொரு தடவ என்னால பாக்க முடியாது."

அவர் கை பழக்கத்தில் பெரிய துண்டுக்குப் போனது. பாதி வழியில் நின்றது. துண்டை அவள் தோளில் போர்த்திக் கழுத்தில் முடிந்தார். அந்தப் பெண்ணின் மெஷினை வைத்துவிட்டு, தன்னுடைய மெஷினை எடுத்தார். கண்ணாடியில் அவள் முகம், அதற்கு மேலே அவர் முகம், கண்ணீரும் சளியுமாக.

"எனக்கு எப்ப வளரும்?"

அந்த நாற்காலியில் உட்கார்ந்த அத்தனை பேருக்கும் அவரிடம் ஒரு பதில் இருந்தது. வாயைத் திறந்தார். 'அரை' வரைக்கும் நாக்குக்கு வந்தது.

"தெரியலம்மா" என்றார்.

அவள் தலையசைத்தாள். துண்டுக்குள்ளிருந்து ஒரு கையை வெளியே எடுத்துப் பின்னால் நீட்டி, அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

"சரி. எடுங்க."

அவர் மெஷினைப் போட்டார். முடிகிற வரைக்கும் அவள் கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.