பிறந்த வீட்டுக் கோடி

என் அண்ணன் ஓர் ஆயர்; வெளியே பிஷப் என்பார்கள். ஆரணியில் தறிக்குழியில் காலைத் தொங்கப் போட்டு வளர்ந்தவர், தெற்கே ஒரு மறைமாவட்டத்துக்கே தலைவராகி, ஓய்வும் பெற்று, போன மாதம் அங்கேயே இறந்துபோனார். நாளிதழில் வாழ்க்கைக் குறிப்பு வந்தது. எங்கே படித்தார், எந்தெந்தக் கோயில்களைக் கட்டினார் என்று எல்லாம் இருந்தது. அவர் கையைக் கட்டிய துணியைப் பற்றி ஒரு வரி இல்லை. அதைச் சொல்ல இனி நான் ஒருத்திதான் மிச்சம்.

எங்கள் கத்தோலிக்க வழக்கத்தில், பாதிரியாராகக் குருப்பட்டம் கொடுக்கும்போது ஆயர் புதுக் குருவின் உள்ளங்கைகளில் எண்ணெய் பூசி, இரண்டு கைகளையும் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டுவார். அந்தத் துணி பிறகு குருவின் தாய்க்குப் போகும். அவள் இறந்தால் அதை அவள் கையில் வைத்துப் புதைப்பார்கள். மேலே போய், நான் ஒரு குருவைப் பெற்றவள் என்று காட்டுவதற்காம்.

அண்ணன் படித்த குருமடத்தில், பட்டத்துக்கு ஒரு வெள்ளைத் துணி கொண்டுவரச் சொன்னார்கள். வேறு ஊர்க்காரர்கள் என்றால் கடையில் பருத்தித் துணி வாங்கிப் போயிருப்பார்கள். எங்கள் அப்பா பட்டு நெசவாளி. என் பிள்ளை கைக்குப் பருத்தியா என்று தறியில் உட்கார்ந்து, வெள்ளைப் பட்டில் மெல்லிய ஜரிகைக் கரை போட்டு நெய்துவிட்டார். எண்ணெயை உறிஞ்சத்தான் அந்தத் துணி என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அவரும் கேட்கிற ஆள் இல்லை.

பட்டு எங்கே எண்ணெயைச் சட்டென்று குடிக்கும்? முடிச்சு வழுக்கியது. எண்ணெய் மணிக்கட்டு வழியாக வழிந்து புது அங்கியை நனைத்தது. உதவிக்கு நின்ற குரு பஞ்சு தேடி ஓடினார். அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பீடத்தின் முன்னால், ஊரே பார்க்க, குலுங்கிச் சிரித்தார். முன் வரிசையில் அப்பாவின் முகம் சுண்டிப்போனது. அன்று விருந்தில் அவர் இலையில் கை வைக்கவில்லை.

அந்த நாளில் இருந்து வீட்டில் அண்ணன் என்று ஒருவர் இல்லை. அவர் சாமி. பெற்ற அம்மாவே "வாங்க சாமி, சாப்புடுங்க சாமி" என்றுதான் பேசினார். குருவானவரை அப்படித்தான் அழைக்க வேண்டும். எனக்கு மட்டும் நெஞ்சு ஒப்பவில்லை. என் ஜடையைப் பிடித்து இழுத்தவனை எப்படிச் சாமி என்பது? அம்மா முறைத்த முறைப்பில் நானும் பழகிக்கொண்டேன்.

ஆயரான பிறகு அவர் ஒன்றும் சொகுசாக இருக்கவில்லை. அவருக்குக் கீழ் இருந்த ஓர் ஊர்ப் பங்கில் கல்லறைத் தோட்டத்துக்குச் சாதிக்கு ஒன்றாக இரண்டு வாசல் வைத்திருந்தார்கள். ஒன்றை அடைத்து, எல்லாரையும் ஒரே வாசலில் எடுத்துப்போகச் சொன்னார். அது பிடிக்காதவர்கள் கோயிலைப் பூட்டிச் சாவியை ஒளித்துவிட்டார்கள். சாமி தெருவிலேயே மேசை போட்டுப் பூசை வைத்தார், அடுத்த ஞாயிறும் வைத்தார், அவர்களாகத் திறக்கும் வரை வைத்தார். பிடிவாதம் அப்பாவுடையது.

அப்பா முதலில் போனார். அம்மா படுக்கையில் விழுந்தபோது ஒரு மத்தியானம் என்னைக் கூப்பிட்டு, பெட்டியில் இருந்த அந்தப் பட்டுத் துணியை எடுக்கச் சொன்னார். எண்ணெய்க் கறை பழுத்து மஞ்சளாகி இருந்தது. தன் கையில் வைக்கத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன்.

"இத என் கையில வெக்காத. எனுக்குக் கோடி போட போளூர்ல எங்கண்ணன் வூடு கீது. சாமியாரா போன எம்புள்ள, அவனுக்கு யாரு கீறாங்க? மாமியார் வூடா, மச்சான் வூடா? அவன் போற அன்னிக்கு, பொறந்த வூட்டுக் கோடின்னு நீ போடு. பழசா இருந்தா இன்னா?"

செத்தவர்மேல் உறவுக்காரர்கள் போர்த்துகிற புதுத் துணிதான் கோடி. பட்டம் பெற்ற நாளுக்குப் பிறகு அம்மா அவரை "அவன்" என்று சொல்லி அன்றுதான் கேட்டேன். அழுகையை அடக்கிக்கொண்டு தலையாட்டினேன். இன்னொன்றும் சொன்னார். உயிரோடு இருக்கிறவரிடம் கோடிப் பேச்சை எடுக்கக் கூடாது, அவர் ஆயுசுக்கு ஆகாது, வாயைத் திறக்காதே என்று. நாள் தவறாமல் பூசைக்குப் போன அம்மாவுக்கு இந்தச் சாஸ்திரம் எங்கிருந்து வந்ததோ. சத்தியம் வாங்கிக்கொண்டுதான் விட்டார்.

அம்மாவின் அடக்கத் திருப்பலியை அண்ணன்தான் நிறைவேற்றினார். பெட்டியை மூடும் முன் குனிந்து அம்மாவின் கைகளைப் பார்த்தார். ஜெபமாலை மட்டும் இருந்தது. மறுபடியும் பார்த்தார். என் பக்கம் திரும்பவே இல்லை.

ஓய்வு பெற்றபின் ஒருமுறை ஆரணிக்கு வந்தார். பக்கத்து வீட்டு விசைத்தறிச் சத்தத்தில் கத்திக் கத்திப் பேசிக்கொண்டிருந்தோம். மின்சாரம் போனது, தெருவே அமைதியானது. தட்டைப் பார்த்தபடி கேட்டார்.

"அம்மா அந்தத் துணி வாணான்னுட்டாங்களா? நான் அன்னிக்குச் சிரிச்சிட்டன். அப்பா மூஞ்சி செத்துப்போச்சி. அம்மா அத மன்னிக்கவே இல்ல, இல்ல?"

சொல்லிவிடத்தான் வாயெடுத்தேன். அம்மாவின் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. ஆனால் அப்போதே அவருக்கு இதயத்தில் ஓர் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. சொல்லி, ஏதாவது ஆகிவிட்டால்? எனக்கும் அம்மாவின் பயம் ஒட்டிக்கொண்டது. "சாப்புடுங்க சாமி, ஆறுது" என்றேன். அவர் அதை ஆமாம் என்றே எடுத்துக்கொண்டார். சாப்பிட்டுக் கைகழுவினார். அதற்குப்பின் அவர் ஆரணிக்கு வரவில்லை.

செய்தி வந்ததும் என் மகன், செய்யாறு கம்பெனியில் ஷிப்டுக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, காரில் கூட்டிப்போனான். துணியை மடியில் வைத்துக்கொண்டேன். பேராலயத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் முழு ஆயர் உடுப்பில் படுத்திருந்தார். தொண்டர்கள் கூட்டத்தை நகர்த்திக்கொண்டே இருந்தார்கள். பொறுப்பில் இருந்த குருவிடம் போய், நான் தங்கை, கோடி போட வேண்டும் என்றேன். திருவுடைமேல் எதையும் போர்த்துவதில்லை, மாலைகூடக் கீழேதான் என்று தன்மையாகத்தான் சொன்னார். நான் மடிப்பைப் பிரித்துக் கறையைக் காட்டினேன். அவருக்கு உடனே புரிந்துவிட்டது; அவரும் தன் தாய்க்கு அப்படி ஒரு துணி கொடுத்தவர்தானே.

"இது உங்க அம்மாகூடப் போயிருக்கணுமே?"

"அம்மாதான், சாமி, வேணாம்னாங்க. அவருக்கு வெச்சிருந்தாங்க."

மக்களை நிறுத்திவிட்டு, உடலைச் சவப்பெட்டிக்கு மாற்றும் நேரத்தில் என்னை உள்ளே விட்டார். அண்ணனின் கைகள் மோதிரத்தோடு மார்பில் கோத்திருந்தன. சில்லென்று இருந்தன. அப்பா நெய்த பட்டை அவற்றின் மேல் சுற்றி முடிச்சுப் போட்டேன். இந்தத் தடவை வழுக்கவில்லை. யார் கேட்டால் என்ன என்று அவர் காதருகே குனிந்தேன்.

"அண்ணா, அம்மாவுக்குக் கோவமே இல்லண்ணா. உனுக்குன்னுதான் எடுத்து வெச்சிகினு இருந்தாங்க."