கடவுச்சொல்லை மறந்தவர்கள்

அந்த இரண்டு அறைகளில் இப்போது பல் மருத்துவர் இருக்கிறார். ஆறு ஆண்டுகள் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வந்த நான், பல்வலி எதுவும் இல்லாமலேயே போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். ஜன்னலோரம் அத்தையின் மேசை இருந்த இடத்தில் மீன் தொட்டி.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. இருபத்திரண்டு ஆண்டுகள் ரயில் நிலைய விசாரணைக் கவுண்டரில் இருந்தவள். வண்டி நேரம் காட்டும் மின்பலகை வந்ததும் கவுண்டரை மூடிவிட்டார்கள். அண்ணன் அப்போதுதான் அந்த இரண்டு அறைகளில் ஒரு சமூக வலைத்தளம் தொடங்கியிருந்தான். அவன், 'ஒல்லி' என்று நாங்கள் கூப்பிட்ட புரோகிராமர், நான், அத்தை. மொத்தமே நான்கு பேர். ஆண்டு முடிவதற்குள் பத்தாயிரம் உறுப்பினர் சேராவிட்டால் கடையைக் கட்ட வேண்டியதுதான் என்று முதலீட்டாளர் சொல்லியிருந்தார். இருந்ததோ எண்ணூறு, அதில் பாதி சொந்தபந்தம்.

கடவுச்சொல்லை மறந்தவர்களுக்குப் புதியதை மின்னஞ்சலில் அனுப்புவது அத்தையின் வேலை. இரண்டு வரி போதும். ஆனால் தாமதமான வண்டிக்குக் காத்திருப்பவர்களிடம் பேசியே பழகியவள், இரண்டு வரியோடு நிற்கவில்லை. வாரம் தவறாமல் காலிப் பறவைக் கூண்டோடு வந்து வண்டி விசாரித்த ஒருவரைப் பற்றி எழுதுவாள். சுவாரசியமான இடத்தில், வரிசையில் அடுத்தவர் காத்திருக்கிறார், மீதி பிறகு என்று நிறுத்திவிடுவாள்.

மறுநாளே அதே ஆட்களுக்குக் கடவுச்சொல் மறந்துபோகும். உள்நுழைவில்தான் கோளாறு என்று ஒல்லி ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டான். கடைசியில், யாரும் தாங்களே கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ள ஒரு பொத்தான் வைத்தான். மின்னஞ்சல் நின்றது. தளத்துக்கு வருகிறவர்களும் பாதியாகக் குறைந்தார்கள். "பொத்தானை எடுங்கள், கூண்டுக்காரருக்கு என்ன ஆயிற்று?" என்று ஒருவர் கோபமாக எழுதியபோதுதான் எங்களுக்கு உறைத்தது.

அண்ணன் உடனே கதையை முகப்புப் பக்கத்தில் பெரிய எழுத்தில் போட்டான். ஒரு ஈ காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை. அவன் அத்தையிடம் வந்து நின்றான்.

"நீ போட்டது அறிவிப்புடா," என்றாள் அத்தை. "ஸ்டேஷன்ல நாள் முழுக்க மைக் கத்தும், எவன் கேட்டான்? கவுண்டர்ல ஒருத்தர்கிட்ட மெதுவா சொல்லிப் பாரு. வரிசையே காதைத் தீட்டிக்கிட்டு நிக்கும்."

அதன் பிறகு அத்தை ஒவ்வொரு நாளும் ஒரே ஒரு உறுப்பினருக்கு, அவர் சம்மதத்தோடு, எல்லோரும் பார்க்கும்படி எழுதினாள். பேக்கரியில் வேலை செய்யும் ஒரு பெண்ணுக்கு, கால் முறிந்து படுத்திருந்த ஒரு ஓட்டுநருக்கு. அவர்கள் கேள்வி கேட்டார்கள். வரிசையில் பக்கத்தில் நின்று கேட்பதுபோலப் படித்த மற்றவர்கள் தங்கள் ஊர்ப் பேருந்தில் பார்த்த விசித்திர மனிதர்களைப் பற்றி எழுதினார்கள். அடுத்த கடிதம் தனக்கு வராதா என்று ஆளுக்கு நாலு பேரைக் கூட்டி வந்தார்கள். டிசம்பர் தொடக்கத்தில் ஏழாயிரம்.

கூண்டுக் கதையின் முடிவைக் கடைசி வாரத்தில் வெளியிடலாம், கூட்டம் அள்ளும் என்றான் அண்ணன்.

"முடிவு எனக்கே தெரியாதே," என்றாள் அத்தை. "காலிக் கூண்டு எதுக்குன்னு கேட்டேன், அவர் பதில் சொல்றதுக்குள்ள கவுண்டரை மூடிட்டாங்க."

அண்ணனுக்கு முகம் வெளுத்துவிட்டது. ஏதாவது கட்டிவிடேன் அத்தே என்று கெஞ்சினான். பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்ல மாட்டேன் என்று அவள் ஒரே பிடியாக நின்றாள். அன்று மாலையே, தனக்குத் தெரியாது என்பதை அப்படியே எழுதிப் போட்டாள். நாங்கள் மூவரும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தோம். கதை முடிந்தது என்றே நினைத்தோம்.

மறுநாள் உறுப்பினர்கள் கூண்டுக்காரரைத் தேடத் தொடங்கினார்கள். அவரைப் பார்த்ததாகச் சொல்வதற்கென்றே புதியவர்கள் சேர்ந்தார்கள். பார்க்கவில்லை என்று சொல்லவும் சேர்ந்தார்கள். ஆண்டு முடிய நான்கு நாள் இருக்கையில் பத்தாயிரம் தாண்டியது. ஒல்லி நாற்காலி மேல் ஏறி நின்றான். அண்ணன் என் தலையைப் பிடித்து ஆட்டினான்.

அத்தை எண்ணிக்கையைப் பார்க்கவே இல்லை. தூரத்து ஊரிலிருந்து யாரோ, சந்தையில் காலிக் கூண்டோடு ஒருவரைக் கண்டதாக எழுதியிருந்தார்கள். அவள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "கூண்டு என்ன கலர்னு கேளு," என்றாள் என்னிடம்.