டிக்கெட் விற்ற இரக்கம்

தபால் நிலையச் சுவரில் ஒட்டியிருந்த காகிதத்தை மாரிலூ நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தபோது வெர்ன் பென்னர் பின்னால் வந்து நின்றார். காகிதத்தில் அவளுடைய எட்டு வயது மகள் ஜெலினின் படம். அதன் கீழே, வாழ்நாள் முழுவதும் பராமரிப்பு தேவைப்படும் குழந்தைக்கு டன்வுட் ஊர் கை கொடுக்கட்டும் என்று அச்சடித்திருந்தது.

“எதுக்கும்மா கிழிக்கிற?”

“அவளே சாப்பிடுறா, அவளே குளிக்கிறா, அவளே பஸ் ஏறிப் பள்ளிக்கூடம் போறா சார். இதுல இருக்கறது பொய்.”

“நல்லா இருக்கிற குழந்தைக்கு எவன் டிக்கெட் வாங்குவான், மாரிலூ?”

வெர்ன் முப்பது வருடம் ஆலங்கட்டி மழைக்குக் காப்பீடு விற்றவர். ஓய்வுக்குப் பிறகு ஊர்க்கூடக் கமிட்டிக்குத் தலைவரானார். எங்கள் ஊரில் ஒரு வீடு எரிந்தாலும் ஒருவருக்குப் புற்றுநோய் வந்தாலும் கூடத்தைப் பிடித்து, பாட்டுப் போட்டு ஆடி, ரை ரொட்டியும் ஆறிய இறைச்சித் துண்டுகளும் வைத்து டிக்கெட் விற்போம். வசூலைக் கஷ்டப்பட்டவருக்குக் கொடுப்போம். இதை சோஷியல் என்போம். கஷ்டத்தைப் பெருக்கிச் சொன்னால்தான் டிக்கெட் போகும் என்பது வெர்னின் அனுபவம். அடுக்களை மட்டும் கருகிய வீட்டை அவர் சுவரொட்டியில் முழுச் சாம்பலாக்கியிருக்கிறார். வீட்டுக்காரன் உட்பட யாரும் குறை சொன்னதில்லை.

மாரிலூவின் கணவன் டான்டேயைப் பன்றி வெட்டும் ஆலைக்காரர்களே மணிலாவுக்குப் போய்ப் பொறுக்கியெடுத்து வந்தார்கள். மாரிலூ முதியோர் இல்லத்தில் எங்கள் அப்பா அம்மாக்களைக் கழுவிவிடுகிறாள். இந்த இரண்டு வேலைக்கும் உள்ளூரில் ஆள் கிடையாது. ஆனால் அவர்கள் நிரந்தரமாகத் தங்க விண்ணப்பித்ததும் குடியேற்றத் துறைக்கு ஜெலினின் டவுன் சிண்ட்ரோம் கண்ணில் பட்டது. இந்தக் குழந்தை பொதுப்பணத்துக்கு அளவுக்கு மீறிய சுமை ஆகக்கூடும், இல்லையென்றால் நிரூபியுங்கள், நிரூபிக்காவிட்டால் மூவருக்கும் இடமில்லை என்றது. இங்கேயே பிறந்த இதே மாதிரிப் பையன் ஒருவன் ஜெலினின் வகுப்பில் இருக்கிறான். அவன் பிறந்த நாளுக்கு ஊரே கேக் தின்னும். விமானத்தில் வந்து இறங்கினால்தான் குழந்தை சுமையாகும் போலிருக்கிறது.

டாக்டரும் வகுப்பு ஆசிரியையும் இவளுக்குப் பெரிதாக எந்தச் செலவும் இல்லை என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். வக்கீலுக்குக் கொடுக்கத்தான் கையில் ஒன்றும் இல்லை. அதற்காகத்தான் மாரிலூ வெர்னிடம் கூடத்தைக் கேட்டாள்.

சோஷியல் நடந்தது. கூடம் நிரம்பியது. ஜெலின் பரிசுச் சீட்டுச் சுருளை வாங்கிக்கொண்டு மேஜை மேஜையாகப் போனாள். எங்கள் பக்கத்தில் சீட்டை ஆளின் இரு கைகளையும் விரிக்கச் சொல்லி அந்த நீளத்துக்கு அளந்து கிழித்து, எல்லோருக்கும் ஒரே விலைக்குக் கொடுப்பார்கள். நீண்ட கைக்காரர்கள்தான் ஆசையாக வாங்குவார்கள் என்று அவள் அவர்களாகப் பார்த்து முதலில் போனாள். வெர்ன் அவளைக் கூப்பிட்டு, வாசலருகே நாற்காலியில் அமைதியாக உட்காரச் சொன்னார். டிக்கெட் வாங்கியவர்கள் குழம்பிவிடுவார்களாம். பிறகு மேடையேறிப் பேசினார். அவருடைய கொள்ளுத்தாத்தா ரஷ்யாவிலிருந்து கப்பலில் வந்தபோது காது கேளாத தங்கையையும் கூட்டி வந்தாராம். இந்த நாடு கேள்வி கேட்காமல் இருவரையும் ஏற்றுக்கொண்டதாம். எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். இரக்கப்படுவது எங்களுக்குப் பிடிக்கும். இறைச்சியும் நன்றாக இருந்தது.

வெர்ன் அதோடு நிற்கவில்லை. ஊர் எவ்வளவு நல்லது என்று அரசாங்கம் தெரிந்துகொள்ள வேண்டாமா? சுவரொட்டியையும், சோஷியலைப் பற்றி உள்ளூர்ப் பத்திரிகையில் வந்த செய்தியையும் ஓர் உறையில் போட்டுக் குடியேற்றத் துறைக்கு அனுப்பினார். யாரிடமும் கேட்கவில்லை.

ஜனவரியில் வின்னிபெக் வக்கீல் மாரிலூவைத் தொலைபேசியில் கூப்பிட்டார். விண்ணப்பம் தள்ளுபடி. வாழ்நாள் பராமரிப்பு தேவை என்று சொந்த ஊர்க்காரர்களே அறிவித்திருக்கும்போது டாக்டர் சொல்வதை ஏற்க முடியாது என்று அதிகாரி எழுதியிருந்தார். நாற்காலியை விட்டு எழாமல், குழந்தையின் முகத்தைப் பார்க்காமல், ஒரு சுவரொட்டியைப் படித்து ஒரு குடும்பத்தை எடை போட்டுவிட்டார். அதற்கு அவருக்குச் சம்பளம். சுமை என்ற சொல் அவருக்கு ஏன் பொருந்தாது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

கர்லிங் விளையாடும் பனி அரங்கில் வெர்ன் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். மாரிலூ நேரே அங்கே போய், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். குரல் உயரவில்லை.

“நான் நல்லதுக்குத்தானே அனுப்பினேன்” என்றார் வெர்ன். சற்று யோசித்து, “பிப்ரவரில கூடம் காலியாத்தான் இருக்கு. உங்க விமானச் செலவுக்கு இன்னொரு சோஷியல் வச்சிடலாம்” என்றார்.

“வேண்டாம் வெர்ன். இன்னொரு உதவியைத் தாங்க எங்களால முடியாது.”

அவள் போன பிறகு, தன்னை எப்போதும் சார் என்று கூப்பிடுகிறவள் இன்றைக்குப் பெயர் சொல்லிவிட்டாளே என்று வெர்ன் பக்கத்திலிருந்தவர்களிடம் குறைப்பட்டுக்கொண்டார். அவர்களும் ஆமாம் என்றார்கள்.

மறுநாள் வியாழக்கிழமை. டான்டே ஆலைக்குப் போனான். வேலை அனுமதி முடியும் தேதியை மேலாளர் கேட்டுக் குறித்துக்கொண்டார். மாரிலூ காலை முறைக்குப் போய் ஆறு பேரைக் குளிப்பாட்டினாள். ஜெலின் பள்ளிக்கூடம் போனாள். நீச்சல் வகுப்பு இருந்தது. வெர்ன் பிப்ரவரிக்கு ஒரு ஜோடியின் கல்யாணச் செலவுக்கான சோஷியலைப் பதிவு செய்தார். சாயங்காலம் கொஞ்சம் பனி பெய்தது.