அவசரமில்லை என்று சொன்ன சாம்பியன்

அந்த நாட்களில் டென்மார்க்கின் ஹேர்னிங் நகரில் நித்தியானந்தனைத் தெரியாத தமிழர் இல்லை. தெரிந்தவர்களில் பாதிப்பேர் அவரோடு கதைப்பதில்லை.

யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடக் காலத்தில் நெடுந்தூர ஓட்டக்காரர். 1985இல் மனைவி மனோரஞ்சிதத்தையும் கைக்குழந்தையையும் விட்டுவிட்டு வந்து, ஹேர்னிங்கில் ஒரு நெசவாலையில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே மேற்பார்வையாளராக இருந்த பென்ற், ஒரு பனிச்சறுக்குக் கழகத்தின் பயிற்றுநர். மலையே இல்லாத அந்த நாட்டில் பனியையும் நம்ப ஏலாது. ஆண்டில் பெரும்பகுதி, சில்லுப் பூட்டிய சறுக்குக்கட்டைகளில் தார்வீதியில்தான் பழகுவார்கள். இவர் வேலைக்கு ஓடி வருவதைப் பார்த்த பென்ற் கையோடு கழகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். தொடக்கத்தில் விழுந்து விழுந்து முழங்கால் முழுக்கக் காயம். ஆனால் கையும் காலும் ஒத்துவந்த பிறகு அவரைப் பிடிக்க ஆளில்லை. 1988இல், ஹேர்னிங் இருக்கும் யூலாந்துப் பகுதிக் கழகங்களின் நெடுந்தூரப் போட்டியில் சாம்பியன் ஆனார்.

அந்த நேரம், குடும்பத்தை அழைக்கத் தமிழர்கள் போட்ட விண்ணப்பங்கள் அசையாமல் கிடந்தன. ஏன் என்று யாரும் சொல்லவில்லை. மனோரஞ்சிதத்துக்காகப் போட்டதும் அதற்குள்தான். நித்தியானந்தனோடு ஒரே வீட்டில் இருந்த மன்னார் சூசைப்பிள்ளை, மனைவி பிள்ளைகளுக்காகப் போட்டதும் அதற்குள்தான்.

போட்டி முடிந்த இடத்தில் உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் கேட்டார், “குடும்பம் இல்லாமல் இருப்பது கஷ்டமா?”

சுற்றிவரக் கழகத்து ஆட்கள், கொடி, கேக். முறைப்பாடு சொன்னால் எல்லாருடைய முகமும் வாடிவிடும் என்று தோன்றியது. “பரவாயில்லை, அவசரமில்லை. டென்மார்க் நல்ல நாடு” என்று சிரித்தார். ஓடிய அவ்வளவு நேரமும் மனைவியை ஒருதரம்கூட நினைக்கவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

இரண்டு கிழமை கழித்து, தமிழர்கள் தங்கள் குறையைச் சொல்ல ஒரு அரசியல்வாதியைச் சந்தித்தார்கள். அவர் பத்திரிகையைத் தூக்கிக் காட்டி, “உங்கள் சாம்பியனே அவசரமில்லை என்கிறாரே” என்றாராம்.

சூசைப்பிள்ளை வீட்டுக்கு வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை.

“உமக்கு அவசரமில்லாட்டி உம்மோட வைச்சிரும். எங்களுக்கும் சேர்த்து ஏன் ஐசே சொன்னனீர்?”

அந்தக் கிழமையே சூசைப்பிள்ளை வேறு வீடு பார்த்துப் போய்விட்டார்.

அந்த மாரியில் மன்னாரில் சூசைப்பிள்ளையின் மூத்த மகள் காய்ச்சலில் செத்துப்போனாள். சண்டையால் பாதை பூட்டிக் கிடந்ததில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியவில்லை. அவளுக்காக ஹேர்னிங்கில் பூசை வைத்தபோது நித்தியானந்தன் கத்தோலிக்கக் கோயிலின் கடைசி வரிசையில் நின்றார். தன் ஒரு சொல்லால் அந்தப் பிள்ளை சாகவில்லை என்று அவருக்குத் தெரியும். என்றாலும் முன்னுக்குப் போய்க் கைகொடுக்கக் கால் எழும்பவில்லை.

1989இல் வழி திறந்தது. மனோரஞ்சிதம் மகளோடு வந்து சேர்ந்தாள். ஒரு மாதத்துக்குள் யாரோ அவளுக்குச் சொல்லிவிட்டார்கள்.

“அவசரமில்லை எண்டு சொன்னனீங்களோ?” சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்.

“ஓம்.”

“நாங்கள் பங்கருக்குள்ள கிடந்த நேரம்.”

“ஓம்.”

அவர் தட்டைத் தள்ளி வைத்தார். “இனி ஓடேல்லை. கட்டையளைத் திருப்பிக் குடுக்கிறன்.”

“ஓடினதுக்கு நான் கோவிக்கேல்லை. அதை விட்டாப்போல சொன்னது இல்லையெண்டு போகுமோ? முதல்ல அந்த மனுசனிட்டப் போங்கோ.”

போனார். அதே ஆண்டு வந்து சேர்ந்திருந்த சூசைப்பிள்ளையின் மனைவி கதவைத் திறந்தாள். அவர் இன்னாரென்று தெரியாமலே உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுத்தாள். நித்தியானந்தன் சொன்ன எல்லாவற்றையும் சூசைப்பிள்ளை தலையைக் குனிந்தபடி கேட்டார். கடைசியில், “குடிச்சிட்டுப் போம்” என்று மட்டும் சொன்னார்.

நித்தியானந்தன் தொடர்ந்து ஓடினார். 1991இல் நல்ல பனி விழுந்தது; மெய்யான பனியிலும் முதலாவதாக வந்தார். பதக்கம் போட்ட கையோடு, படம் எடுப்பதற்கு முன்னமே பஸ் ஏறிவிட்டார்.

1993 ஜனவரியில், தமிழரின் குடும்ப விண்ணப்பங்களை அமைச்சரே சட்டத்துக்கு மாறாக நிறுத்திவைத்தார் என்று விசாரணை நீதிபதியின் அறிக்கை வந்து, டென்மார்க் அரசாங்கமே விலகியது. பென்ற் சந்தோசத்தில் வீட்டுக்குப் போன் எடுத்தார்.

“வாழ்த்துகள்! நீங்கள் வென்றுவிட்டீர்கள்!”

அவசரமில்லை என்று சொன்ன தனக்கு அந்த வாழ்த்து சேராது என்று நித்தியானந்தனுக்குப் பட்டது. ரிசீவரை மனோரஞ்சிதத்திடம் நீட்டினார். அவள் கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கி, தனக்குத் தெரிந்த டேனிஷில் மெதுவாகக் கதைக்கத் தொடங்கினாள். அவர் குசினிக்குள் போய் அடுப்படியில் நின்றார்.