ராயப்பண்ணன் எட்டிப் பார்க்காத கிணறு

ராயப்பண்ணன் இறந்துபோனார் என்று பட்டறை வாசலில் காவல்காரர் சொன்னபோது, "போங்க, வேலையைப் பாருங்க" என்று அவரைக் கடிந்துகொண்டேன். பின் எப்படி நம்புவது? முந்தைய நாள் சாயங்காலம்தான் தீபாவளிக்குச் சுடும் கச்சாயப் பலகாரத்துக்கு வெல்லம் வாங்கப் போய், வாயில் போட்டுப் பார்த்து, உப்புக் கரிக்கிறது என்று கடைக்காரரோடு மல்லுக்கட்டி, நல்ல வெல்லமாக மாற்றிக்கொண்டு வந்திருந்தார்.

நம் பட்டறையில் கிணற்றுக்குப் பம்பு வாங்கிய எல்லோருக்கும் அவரைத் தெரியும். மேனேஜர் என்று பேர். ஆனால் தீபாவளி வந்தால், சர்ச்சுக்குப் போகும் வேதக்காரரான அவர்தான் பலகாரக் கூடையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவார். பம்பை வார்த்த ஆளையும் கூட்டிப்போவார். "இவருதானுங்க உங்க பம்புக்கு அச்சு எடுத்தவரு" என்று முன்னால் நிறுத்துவார். நமக்குக் கூச்சமாக இருக்கும். தோட்டக்காரரான விவசாயி நம் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு நா நின்னதில்லீங்க" என்பார். அப்புறம் ராயப்பண்ணன் குடிக்கத் தண்ணீர் கேட்டு, அப்படியே கிணற்றை எட்டிப் பார்ப்பார். புதிதாக ஆழம் வெட்டியிருக்கிறார்களா, மேட்டில் கல் குவிந்திருக்கிறதா என்று பார்த்தே, அடுத்த கோடைக்கு எத்தனை புதுப் பம்பு போகும், பட்டறைக்கு எத்தனை ஆள் வேண்டும் என்று சொல்லிவிடுவார்.

மழை பொய்த்த அந்த வருஷம் உங்களுக்கு நினைவிருக்கும். காசில்லாமல் பம்பு யார் வாங்குவார்கள் என்று முதலாளி அச்சு எடுப்பவர்களில் பாதிப் பேரை நிறுத்தப் பார்த்தார். அதில் நானும் ஒருவன். வீட்டில் கைக்குழந்தை.

"தீபாவளிக்குப் போயிட்டு வந்து சொல்றனுங்க. அதுவரைக்கும் யாரையும் நிறுத்திப்போடாதீங்க" என்றார் ராயப்பண்ணன்.

"நன்றி சொல்லப் போறீங்களா, நோட்டம் பார்க்கப் போறீங்களா?" என்று முதலாளி கேட்டார்.

"அவங்களுக்கு அடுத்து என்ன வேணும்னு தெரிஞ்சுக்காம நன்றி சொன்னா, அது வாயுபசாரமுங்க."

அந்த முறை என்னைக் கூட்டிப்போனார். போன இடமெல்லாம் கிணறு பழையபடியே கிடந்தது. கடைசியாகத் தொண்டாமுத்தூரில் ஒரு பெரிய தோட்டம். அதைத்தான் மலைபோல நம்பியிருந்தேன். போனால், தோட்டக்காரரின் தாயார் தவறிச் சில நாள்தான் ஆகியிருந்தது. எங்களுக்குத் தெரியாது. அந்த வீட்டில் தீபாவளி இல்லை. ராயப்பண்ணன் கூடையை வண்டியிலேயே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அந்த அம்மா கையால் மோர் வாங்கிக் குடித்ததைப் பற்றிப் பேசினார். பிறகு எழுந்து வந்துவிட்டார். வண்டிக்கு வரும்போதே கேட்டுவிட்டேன்.

"அண்ணா, கிணத்தைப் பார்க்கவே இல்லீங்களே?"

"துக்கம் கேக்க வந்த ஊட்ல கிணத்தை எட்டிப் பார்க்கறதுங்களா, மாரப்பா? வண்டியில ஏறுங்க."

ஊர் வந்ததும் ராயப்பண்ணன் முதலாளியிடம் கெஞ்சி, கார்த்திகை வரை தவணை வாங்கினார்.

கார்த்திகை பிறந்ததும் அந்தத் தோட்டக்காரரே பட்டறைக்கு வந்தார். மழித்த தலையில் அப்போதுதான் முடி முளைத்திருந்தது. கிணற்றை ஆழப்படுத்தியாயிற்று, பங்காளிகளும் வெட்டுகிறார்கள், கோடைக்குள் எல்லோருக்கும் பம்பு வேண்டும் என்றார். ராயப்பண்ணனைப் பார்த்து, "அன்னைக்கு நீங்க யாவாரம் பேசியிருந்தா நான் வேற பக்கம் போயிருப்பனுங்க" என்று சொன்னார். எங்களில் யாரையும் நிறுத்தவில்லை. மேற்கொண்டும் ஆள் எடுத்தார்கள். என் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறாள்.

இந்த வருஷமும் ஆள் குறைக்கும் பேச்சு வந்திருக்கிறது. தீபாவளிவரை பொறுக்கச் சொல்லி முதலாளியிடம் நானே கேட்டிருக்கிறேன். ராயப்பண்ணன் மாற்றி வாங்கிய வெல்லத்தில்தான் கச்சாயம் சுட்டிருக்கிறோம். புதிதாகச் சேர்ந்த இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு கிளம்புகிறேன். கிணற்றை எட்டிப் பார்க்கவும், பார்க்காமல் வரவும் அவரிடம்தான் கற்றேன். அது என்னிடம் இருக்கும்.

முதலில் அவர் வீட்டுக்குப் போகிறோம். கூடை வண்டியிலேயே இருக்கும்.